கம்பி மேல் வைத்த பார்சல்

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஒரு பார்சலைக்கூடத் தொலைக்காத ஒரே மனிதர் ஓரெஸ்ட். காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதையும் ஆர்டர் செய்ததே இல்லை என்ற சிறு விவரத்தை நிழல்போல் கூடவே திரியும் அவருடைய நண்பன் லாயிட் வெளியே சொல்வதில்லை.

"பார்சலுக்காகக் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கிறவனைவிட நாய் மேல். அதுக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கு" என்பார் ஓரெஸ்ட்.

அந்த ஜனவரிக் காலையில் எதிர்வீட்டு மார்லிஸ், பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓரெஸ்ட் வீட்டுக்குள் வந்தாள். கோபத்தின் அளவு அதிலேயே தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஆஸ்பத்திரி எந்த நேரமும் அவளைக் கூப்பிடலாம். பழைய போன் பாதி நேரம் செத்துக் கிடக்கிறது. புதியதை நேற்றே வீட்டில் சேர்த்துவிட்டதாகக் கூரியர் கம்பெனி படம் அனுப்பியிருந்தது. வாசலில் ஒன்றுமில்லை.

"படம் இருக்காம். அதனால நான்தான் பொய்க்காரியாம்."

லாயிட் அதற்குள் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடனாக்கிவிட்டான். ஓரெஸ்ட் படத்தை நிதானமாகப் பார்த்தார். வெள்ளைப் பெட்டி, அடியில் கறுப்புக் கம்பிகள். மார்லிஸின் வாசலோ மரப்பலகை. நேற்று இரவு என்ன சாப்பாடு என்று மட்டும் கேட்டார். சாசேஜ் சுடுவதாகத்தான் பேச்சு, கேஸ் தீர்ந்துவிட்டதென்று கணவன் வெஸ் ரொட்டியும் சீஸும் கொடுத்தான் என்றாள்.

மூவரும் தெருவைக் கடந்து போனபோது எதிர்வீட்டு வாசலில் வெஸ் பனி அள்ளிக்கொண்டிருந்தான். மைனஸ் இருபதிலும் வெளியே நின்று இறைச்சி சுடாதவனை அந்தத் தெரு ஆண்பிள்ளையாக ஏற்பதில்லை. வாசலோரம் மூடி போட்டு நின்ற, உள்ளே கம்பித் தட்டு வைத்த இறைச்சி சுடும் கேஸ் அடுப்பின் சிலிண்டரை ஓரெஸ்ட் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம்.

"தீர்ந்தது கேஸ் இல்ல, வெஸ். திருட்டுக்குப் பயந்து கூரியர்காரன் பெட்டியை இந்த அடுப்புக்குள்ள வச்சுப் படம் எடுத்துட்டு மூடிட்டான். நீ குளிருக்குப் பயந்து, மூடியைத் திறக்காமலே பத்த வச்சுட்டு உள்ள ஓடிட்டே."

வெஸ் பனிக்குவியலைத் தோண்டி, உருகிய கறுப்புக் கட்டி ஒன்றை எடுத்தான்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? என்னைப் புதைச்சப்புறமா?" என்றாள் மார்லிஸ்.

அவன் போனைப் பிடுங்கித் தன் சிம்மைப் போட்டுக்கொண்டாள். அதிலேயே கம்பெனியைக் கூப்பிட்டாள். வாசலில் வைக்கவில்லை என்பதற்கு அவர்கள் படமே சாட்சி என்று அவள் கத்தியதில் தெருவின் இரண்டு நாய்கள் வாயை மூடிக்கொண்டன. வியாழக்கிழமை வேறு போன் வரும், கையில்தான் கொடுப்போம் என்றார்கள்.

வியாழக்கிழமை அவளுக்கு டயாலிசிஸ். வெஸ்தான் கூட்டிப்போக வேண்டும். இருவரும் ஓரெஸ்ட்டைப் பார்த்தார்கள். நாய் வேலைக்குத் தான் ஆளில்லை என்றார் அவர்.

வியாழக்கிழமை லாயிட் அந்தப் பக்கம் போனபோது, மார்லிஸ் வீட்டு ஜன்னலில், மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடியில், ஒரு மூக்கு ஒட்டியிருந்தது. லாயிட் கையசைத்தான். மூக்கு திரைக்குப் பின்னால் மறைந்தது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பவும் ஒட்டிக்கொண்டது.