ஆள் கனம்

கச்சிராயபாளையம் தாண்டும்போது சுள்ளென்று இருந்த வெயில், மலைப்பாதையின் நாலாவது வளைவில் காணாமல் போனது. மதியம் இரண்டு மணிதான். ஆனாலும் பழனி குட்டியானைச் சரக்கு வண்டிக்கு முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஏறினான். மேகம் ரோட்டிலேயே இறங்கி நடந்துகொண்டிருந்தது.

பின்னால், சாமானோடு சாமானாகச் சடையன் உட்கார்ந்திருந்தான். கள்ளக்குறிச்சி மண்டியில் முப்பது வருஷம் மூட்டை சுமந்தவன். இடுப்பு விட்டுப்போன பிறகு பர்னிச்சர் கடையில் ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்தான். மூட்டை சுமந்த காலம் அவனிடம் ஒரே ஒரு வித்தையை விட்டுவிட்டுப் போயிருந்தது. எதைத் தூக்கினாலும் தராசு இல்லாமல் எடை சொல்லுவான். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

கரியாலூருக்கு அப்பால், மேட்டில் தனியாக நின்ற பழைய ஓட்டு வீடு. கதைகள் எழுதுகிற எழில்மதி என்ற அம்மா புதுச்சேரியிலிருந்து வந்து அதை வாடகைக்கு எடுத்திருந்தார். வண்டி மேலே ஏறாது. அரை பர்லாங் தூரம் ஒற்றையடிப் பாதையில் சுமந்துதான் போகவேண்டும். மேசை, புத்தக ரேக், விளக்கு, இன்வெர்ட்டர், பேட்டரி, பெட்டியில் கட்டிய சுழல் நாற்காலி.

"ஒரு ஆளு குந்தி எழுதறதுக்கு இம்மாம் சாமானா மேடம்? நாங்க குடும்பமே இதைவிட கம்மியாத்தான் வெச்சுக்கினு இருக்கறோம்," என்றான் பழனி, மூச்சு வாங்க.

"உங்க குடும்பத்துல யாரும் கதை எழுதறதில்லையே."

"எம் பொண்டாட்டி வுடற கதையை எழுதினா இந்த ரேக்கு பத்தாது மேடம்."

எழில்மதி சிரித்துக்கொண்டே மூலை அறையைத் திறந்தார். மேசையை ஜன்னலுக்கு நேராகப் போடப் போன சடையனைத் தடுத்தார்.

"ஜன்னல் இடது கைப்பக்கம் வரணும்ங்க. அப்பதான் எழுதற கையோட நிழல் தாள்மேல விழாது. மேசை, முழங்கை மடிஞ்சு நிக்கற உயரத்துக்கு இருக்கணும். சேர் முதுகைத் தாங்கணும். இந்த மூணும் சரியா இருந்தா மத்தது தானா வரும்."

சடையன் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

கருணாபுரத்தில் அவன் வீட்டில் ஒற்றை பல்புதான். அவன் மனைவி குஞ்சம்மாள் அதற்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு எழுதுவாள். அவளுடைய தலை நிழலே அவள் எழுத்தின்மேல் விழும். "இன்னாய்யா, எழுத எழுத மறையுது," என்பாள். விளக்கை எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று இருவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது சுழல் நாற்காலியின் அடிக்கால் விண்டிருந்தது. மாற்று வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றது கடை. எழில்மதி முகம் வாடிப்போனது.

"மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் குடுக்கணுமே. முதுகுவலிக்காரி நான். எதுல உக்காருவேன்?"

சடையன் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"எங்க வூட்டுல ஒரு சேர் சும்மா இருக்குதும்மா. கை வெச்சது. தேக்கு. புதுசு வர வரைக்கும் வெச்சுக்குங்க."

அது எந்த நாற்காலி என்று அவன் சொல்லவில்லை.

மண்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலி அது. அவனுக்குச் சோறு கொண்டுவரும்போதெல்லாம் குஞ்சம்மாள் வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். கரும்பு வெட்டப் போன இடத்திலும் களை எடுக்கப் போன இடத்திலும் யாரும் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. "இதுல குந்தி, மேசைமேல கையை வெச்சு எழுதினா எழுத்து கோணாம வருமாய்யா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆடி மாதம், நெஞ்சு வலிக்கிறது என்று கரும்புக்காட்டில் உட்கார்ந்தவள் எழவில்லை. அவளை ஆட்டோ வரைக்கும் சடையன்தான் கையில் ஏந்திப் போனான். எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, பந்தலில் உட்கார வைக்க நாற்காலி தேடியபோது, மண்டியில் கழித்துப் போட்டிருந்த அதையே தூக்கிவந்தார்கள். சாயாமல் இருக்க இடுப்பில் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாவுக்குப் போட்ட நாற்காலியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒரு காலை ஒடித்துச் சுடுகாட்டோடு விட்டுவிடவேண்டும். அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். சடையனுக்குக் கை வரவில்லை. யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, போர்வையைப் போட்டு மூடி, எட்டு மாதமாக மூலையில் வைத்திருந்தான். ஒரு நாளாவது அது ஒரு மேசைக்கு முன்னால் இருக்கட்டும் என்றுதான் நினைத்தான். வேறொன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் காலைப் பஸ்ஸில் கூரைமேல் கட்டிக் கொண்டுபோனான். பஸ்ஸிலிருந்து இறக்கும்போது பதினாலு கிலோ இருந்தது. ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் போனபோது இருபது. வாசலில் இறக்கும்போது முப்பதைத் தொட்டது.

வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாளே புது நாற்காலி வந்துவிட்டது. சடையனும் பழனியும் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது மணி மூன்று. மேகம் வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. எழில்மதி கூடத்தில், தரையில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியின்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இன்னா மேடம், அம்மாம் சாமான் எறக்கிப்போட்டு தரையில குந்திக்கினு இருக்கீங்க?"

"அந்த ரூம்ல என்னால இருக்க முடியல பழனி." குரலைத் தாழ்த்தினார். "காலையில போய்ப் பார்த்தா சேர் மேசையோட ஒட்டிக்கினு கிடக்குது. யாரோ உக்காந்து இழுத்துப் போட்டுக்கிட்ட மாதிரி. உக்கார்ற பலகை ஈரமா இருக்குது. ஒரே சீயக்காய் வாசனை. நான் தலைக்கு ஷாம்பு போடறவ. ஊர்ல யாராவது விளையாடறாங்கன்னு கதவைப் பூட்டினேன். பூட்டியும் அப்படியேதான்."

சடையன் அந்த அறைக் கதவைப் பார்த்தான்.

"இதைப் பாருங்க. இது ரெண்டு நாளா வருது."

இரண்டு தாள்களை நீட்டினார். பென்சிலில், கோடு போட்ட மாதிரி அழுத்தி, பெரிய பெரிய எழுத்து. படிக்கத் தொடங்கிய பிள்ளை எழுதுகிற மாதிரி.

முதல் தாளில்: *உனக்கு சொல்லியிருக்க மாட்டாரு.*

இரண்டாவதில்: *நான் ஆடி மாசமே போய்ட்டேன்.*

சடையன் சட்டைப் பைக்குள் கைவிட்டான். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தான். எட்டு மாதமாக அதை அவன் எங்கேயும் விட்டுவைத்ததில்லை.

அவர்களுடைய ஒரே மகள் மணிமொழி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்த பையனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். சடையன் போனில் பேசிய பேச்சில் அவள் நம்பரையே மாற்றிக்கொண்டாள். பனியன் கம்பெனிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து குஞ்சம்மாளுக்கு விலாசம் மட்டும் கிடைத்தது. அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போடுவதற்காகத்தான் ஐம்பது வயதில் அவள் சாயங்கால எழுத்து வகுப்பில் சேர்ந்தாள். துணைக்குப் போன சடையனும் சேர்ந்து கற்றுக்கொண்டான்.

அவள் எழுதி முடிக்காத தாள் அது.

*மணிமொழிக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கறேன். எனக்கு உம்மேல கோவம் இல்ல. உங்க அப்பா*

அதோடு நின்றிருந்தது. எட்டு மாதமாக, "உங்க அப்பா" என்பதற்குப் பிறகு அவள் என்ன எழுத இருந்தாள் என்றுதான் அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

மூன்று தாள்களையும் தரையில் வரிசையாக வைத்தான். மூன்றிலும் ஒரே கையெழுத்து.

*உங்க அப்பா உனக்கு சொல்லியிருக்க மாட்டாரு. நான் ஆடி மாசமே போய்ட்டேன்.*

அது உண்மைதான். பந்தலில் எல்லோரும் கேட்டார்கள், பொண்ணுக்குச் சொல்லிவிட்டாயா என்று. விலாசம் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்குப் பொண்ணே இல்லை என்று சொல்லிவிட்டான். காரியம் முடிந்தது. கோபமும் முடிந்தது. அதற்குப் பிறகு, எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் எட்டு மாதம் போய்விட்டது.

அழாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

பழனி இரண்டடி பின்னால் போனான். "ண்ணா... அந்த சேரா இது? சுடுகாட்டுல வுட்டுட்டியான்னு அன்னிக்குக் கேட்டேனே. தலையாட்டினியே ண்ணா."

எழில்மதி எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "என்னை அதுல உக்கார வெச்சிட்டீங்களே," என்றார். திட்டுகிற குரல் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

"தப்புதாம்மா. இப்பவே எடுத்துக்கினு போயிடறேன்."

சடையன் மட்டும் அறைக்குள் போனான்.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்திருந்தது. அறை முழுக்க வெள்ளை இருட்டு. மேசை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதோடு ஒட்டி அந்த நாற்காலி. சாய்ந்திருக்கும் பலகையில், துணி கட்டிய இடத்தில், மஞ்சள் கறை.

கர்... கர்... என்று ஒரு சத்தம். பென்சில் தாளில் உரசுகிற சத்தம்.

அவன் கிட்டே போனதும் நின்றது.

குனிந்து இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கினான். ஒரு அங்குலம் எழும்பியது. கையும் முதுகும் பழக்கத்தில் கணக்குப் போட்டன.

அறுபத்திரண்டு.

நாற்காலி பதினாலு.

மீதி நாற்பத்தெட்டு.

ஆட்டோ வரைக்கும் ஏந்திப்போன கனம். அந்தக் கனத்தை அவன் கை மறக்கவே இல்லை.

மெதுவாக இறக்கி வைத்தான். "குஞ்சு," என்றான். "எழுந்திரும்மா. அடுத்தவங்க வூடு இது. வா போலாம்."

மேசைமேல் இருந்த பென்சில் உருண்டது. அவன் பக்கமாக வந்து, விளிம்பில் நின்றது.

அவனுக்குப் புரிந்தது.

வெளியே போய்ப் புது நாற்காலியைத் தூக்கிவந்தான். "ஒரு உறை வேணும்மா. ஒரு தாளும்," என்றான். எழில்மதி எடுத்துக் கொடுத்தார். தபால்தலையும் ஒட்டிக் கொடுத்தார்.

புது நாற்காலியை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டான். எழுத்து வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே, அவளுக்கு வலப்பக்கம். ஜன்னல் இடது பக்கம் இருந்தது. நிழல் விழவில்லை. இடது முழங்கை ஜில்லென்று எதன்மேலோ பட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கையை நகர்த்தவும் மனசு வரவில்லை.

எழுதினான். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான்.

*மணிமொழி, அம்மா எழுதினது நெசம். நான்தான் சொல்லல. தப்பு என்னுது. வூட்டுக்கு வாம்மா. அப்பா.*

நாலு தாளையும் மடித்து உறைக்குள் போட்டு விலாசம் எழுதினான். கடைசி எழுத்தை எழுதியபோது பக்கத்தில், யாரோ நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை விட்ட மாதிரி இருந்தது.

சீயக்காய் வாசனை மெல்லக் குறைந்தது.

எழுந்து நாற்காலியைத் தூக்கினான். பதினாலு கிலோ. வெறும் பதினாலு.

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. பந்தலில் வராத அழுகை. பழனி வாசலில் நின்று, "வா ண்ணா, வா ண்ணா," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உள்ளே வரவில்லை.

மலை இறங்கியதும் கோமுகி ஆற்றோரம் வண்டியை நிறுத்தினார்கள். சடையன் தானே நாற்காலியின் ஒரு காலை ஒடித்தான். எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, சாம்பல் ஆகும்வரை நின்றான். கடிதத்தைக் கச்சிராயபாளையம் தபால் பெட்டியில் போட்டான்.

கடிதம் போட்ட மறுநாளிலிருந்து சடையன் சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். ஆறாம் நாள் மணிமொழி வந்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். முன்பைவிட மெலிந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவன் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இன்னா மனுசன் நீ? மூஞ்சியக் கடைசியா பார்க்க வுட்டியா?" ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். சடையன் வாங்கிக்கொண்டு நின்றான். குத்தி ஓய்ந்ததும் அவன் தோளில் சாய்ந்தாள்.

"பையைக் குடும்மா."

"வேணாம்பா. நானே தூக்கிக்கினு வரேன். ரெண்டு துணிதான் இருக்குது. அப்புறம் அம்மா லெட்டரு."

அவன் கேட்கவில்லை. சின்ன ரெக்ஸின் பை. பஸ்ஸிலிருந்து அவள் ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு இறங்கியதை அவனே பார்த்தான். வாங்கித் தோளில் போட்டான்.

முழங்கால் மடங்கியது.

"இன்னாப்பா? இடுப்பு வலிக்குதா?"

"இல்லம்மா. நீ நட."

கருணாபுரத்துக்கு அரை மணி நேர நடை. மணிமொழி முன்னால் நடந்தாள். வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, கனமாக இருந்தால் இறக்கி வை என்றாள்.

சடையன் இறக்கவில்லை. தோளும் மாற்றவில்லை. வியர்வை கண்ணில் இறங்க, காதோரம் சீயக்காய் வாசனை வீச, நாற்பத்தெட்டு கிலோவையும் வீடுவரைக்கும் சுமந்துகொண்டு போனான்.