ஒரே பிரதி

இல்லாத ஒரு புத்தகத்தில் நாற்பத்தோரு பக்கங்கள் ஸ்கேன் ஆகிவிட்டதாகத் திரை சொன்னது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இப்போது நாற்பத்திரண்டு.

பிற்பகல் இரண்டரை மணி. நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பட்டியல் பிரிவில், மணி எதுவானாலும் ஒன்றுதான். குழல்விளக்கின் இரைச்சல், சூடேறிய தூசியின் வாடை, இருபத்தெட்டு வருடம் நூல்களுக்கு எண் போட்டுப் போட்டு அவள் வலது தோளில் குடியேறிவிட்ட வலி, எல்லாம் காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே இருக்கும். மேலே கூட்ட அரங்கில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மின்னூலகத் திறப்பு விழா. அவளுக்கும் அழைப்பிதழ் கொடுத்திருந்தார்கள். பின்னால் நிற்க இடம் இருக்கும் என்று வாய்மொழியாகவும் சொல்லியிருந்தார்கள்.

இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ரிப்பன். பதவிக்கு வந்த நான்கு வருடத்தில் அவர் ரிப்பன் வெட்டாமல் எந்தக் கதவும் திறந்ததில்லை. ஒரே கழிப்பறையை இரண்டு முறை திறந்துவைத்தவர்; நடுவில் தாழ்ப்பாள் மாற்றினார்களாம். மின்னூலகத்தை அடுத்த மாதம்தான் திறப்பதாக இருந்தது. சிறப்பு விருந்தினருக்கு இந்த வாரம்தான் ஒழிந்தது. ஆகவே, சோதனைக்கென்று வைத்திருந்த பட்டியலைச் சுத்தம் செய்யக்கூட நேரமில்லாமல், அப்படியே தூக்கி உண்மைப் பட்டியலாக வைத்துவிட்டார்கள்.

புது மென்பொருளைச் சோதிக்க எதையாவது ஏற்ற வேண்டும். வாய்க்கு வந்த எழுத்தை அடித்தால் அது ஏற்றுக்கொள்ளாது. அதனால் பட்டியல் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: வீட்டு மனிதர்களைப் புத்தகமாக ஏற்றிவிடுவது. ஒருத்தி தன் மாமியாரைக் கலைக்களஞ்சியமாக ஏற்றினாள். யாரும் தொடுவதில்லை, ஆனால் பாதி அலமாரியை அடைத்துக்கொள்ளும் என்றாள். இன்னொருவர் மைத்துனனை, வெளியே போனால் திரும்பி வராத நூல் என்று ஏற்றினார். எல்லோரும் தலைப்பை மட்டும் அடித்துச் சிரித்துவிட்டு எழுந்துபோனார்கள். அரைகுறைப் பதிவை இயந்திரம் சீண்டாது.

அவளுக்கு அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. தன் தம்பியை ஏற்றினாள். ஒரு கட்டம் விடாமல் நிரப்பினாள்.

தலைப்பு: தம்பி. வெளிவந்த ஆண்டு: அவன் பிறந்த ஆண்டு. இருப்பிடம்: முன்னறை, ஜன்னலோர நாற்காலி. பிரதிகள்: ஒன்று. நிலை: நைந்தது, முதுகு விட்டுப்போனது. லாரி ஓட்டி ஓட்டி அவன் முதுகு நிஜமாகவே போய்விட்டிருந்தது. மூன்று வருடமாக அந்த நாற்காலிதான் அவனுக்கு உலகம், அவள்தான் அவனுக்குக் கை கால். அணுகல்: அனைவருக்கும். கடைசிக் கட்டம், மின்பிரதி முடிந்தபின் மூலப்பிரதியை என்ன செய்ய என்று கேட்டது. பாதுகாக்க, திருப்பியனுப்ப, கழிக்க.

அன்று காலைதான் அவனோடு சண்டை. வெந்நீர் ஆறிப்போச்சு என்று அவன் ஒரு வார்த்தை சொன்னான். அவள் ஒன்பது வார்த்தை சொன்னாள். பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள். 'கழிக்க' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத நிம்மதி.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது நாற்பத்தேழு.

ஸ்கேன் அறை பக்கத்துக் கதவு. அங்கே வேலை பார்ப்பவளுக்குப் பளிச்சு என்று பெயர். பதினைந்து வருடம் அந்த வெளிச்சத்தின் முன்னால் நின்று நின்று, தூக்கத்தில்கூடக் கண்ணைச் சிமிட்டுகிறாள் என்று அவள் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார்.

"எதையாவது ஓட விட்டிருக்கியா?"

"நானா? மேல விழா, சத்தம் போடக் கூடாதுன்னு ரிப்பன் சொன்னாரே. மெஷினை அணைச்சிட்டு டீ குடிக்கப் போனேன் மேடம், இப்பதான் வர்றேன்."

இயந்திரம் அணைந்துதான் கிடந்தது. அதன் ஒயர்கூடச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் கண்ணாடித் தகட்டுக்கு அடியில், வெறும் கண்ணாடிக்கு அடியில், ஒரு வெளிச்சக் கோடு இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல், நகர்ந்துபோயிற்று. அதன் பின்னால் ஒரு சத்தம். காகிதம் புரளும் சத்தம் அவர்கள் இருவருக்கும் அத்துப்படி, இது அதில்லை. இது தடிமனானது, கொஞ்சம் ஈரமானது, ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை மெல்லப் பிரித்து மறுபக்கம் படுக்கவைப்பது போன்றது.

பளிச்சு சிமிட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"மேடம், நீங்க தைலம் ஏதாவது தடவியிருக்கீங்களா?"

அறை முழுக்க அந்த வாடை. தம்பியின் முதுகுக்குத் தினமும் காலையில் அவள் தேய்த்துவிடும் தைலம்.

அவள் தன் இடத்துக்கு வந்து பதிவைத் திறந்தாள். பன்னிரண்டாம் பக்கம். எழுத்து எதுவும் இல்லை. வெளிறிய பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகளும் நுண்ணிய துளைகளும், எதையோ மிக அருகில் வைத்துப் பார்ப்பது போல. பார்த்துக்கொண்டே இருந்தபோது அது படிக்க வந்தது. கண்ணால் இல்லை. மூக்கால், உள்ளங்கையால். கட்டிலுக்கடியில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறான். கையில் உடைந்த ஜியோமெட்ரி பெட்டி. கட்டிலுக்கு வெளியே அவன் அக்கா அடி வாங்குகிறாள். நான்தான் உடைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பயம்.

அவள் வீட்டுக்குப் போன் அடித்தாள்.

"என்னக்கா இந்நேரத்துல? வேலை வெட்டி இல்லையா? உனக்குச் சம்பளம் குடுக்குறவங்க பாவம்."

அவன் குரலைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. "டேய், என் ஜியோமெட்ரி பெட்டியை உடைச்சது யாருடா?"

"எந்தப் பெட்டி?"

"அதுக்கு நான் அடி வாங்கினேனே. நீ கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருந்தியே."

"சத்தியமா ஞாபகம் இல்லக்கா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கு. யாரோ என்னைப் புரட்டுற மாதிரி."

"நீயே புரண்டிருப்ப."

"நான் உட்கார்ந்துல்ல இருக்கேன்."

கடைசிக் கட்டத்தை மாற்றப் பார்த்தாள். பணி நடைபெறுகிறது, மாற்ற இயலாது. அழிக்கப் பார்த்தாள். இரு அலுவலர் ஒப்புதல் தேவை: ஒன்று அவளுடையது, மற்றது இயக்குநருடையது. தன்னுடையதைக் கொடுத்தாள். பக்கம் நூற்றுப் பதினெட்டு. மொத்தம் இருநூற்று முப்பத்தாறு. படியேறினாள், முழங்கால் ஒவ்வொரு படியிலும் முனகியது.

அரங்க வாசலில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். உள்ளே ரிப்பன் முழங்கிக்கொண்டிருந்தார். "அறிவு இனி அலமாரியில் உறங்காது! ஒருவர் படித்து முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது! ஒரே நொடியில், ஆயிரம் வீடுகளில், ஒரே நூல்!" தூங்கும்போதும் தலையாட்டப் பழகியிருந்த சிறப்பு விருந்தினர் தலையாட்டினார். ரிப்பனின் தலைக்குப் பின்னே பெரிய திரையில், இந்த நொடியில் அதிகம் படிக்கப்படும் நூல்களின் வரிசை ஒளிர்ந்தது. முதலிடம்: தம்பி. வாசகர்கள்: ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

கைதட்டல்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையருகே போனாள். "சார், அந்த முதல் பதிவை அழிக்கணும். சோதனைக்குப் போட்டது. நீங்க ஒப்புதல் குடுத்தா போதும். இப்பவே சார்."

ரிப்பன் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். "முதல்ல இருக்கிறதையா? ஏம்மா, உங்களுக்கென்ன பைத்தியமா? திறந்து முழுசா ஒரு மணி நேரம் ஆகலை, ஆயிரத்து முந்நூறு பேரு படிக்கிறாங்க!"

"அது என் தம்பி சார்."

"எழுதினது உங்க தம்பியா? ஒரு வார்த்தை சொல்லலையே!" அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு கேடயம் குடுத்துடலாம்."

மைக்கிலிருந்து கையை எடுத்தார். வாசகர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். சிறப்பு விருந்தினர் விழித்துக்கொண்டு கைதட்டினார்.

தெருவில் நின்று மறுபடி அடித்தாள். வெகுநேரம் மணி போயிற்று.

"யாருங்க?"

"நான்தாண்டா. அக்கா."

"அக்கா." அவன் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான், அளவு சரியாக இருக்கிறதா என்று சட்டையை மேலே வைத்துப் பார்ப்பது போல. "எனக்கு அக்கா இருக்காங்களா?"

"விளையாடாதடா."

"நீங்க நல்லா பேசுறீங்க."

நீங்க. நாற்பத்து நான்கு வருடத்தில் அவன் அவளை அப்படிச் சொன்னதில்லை. கோபத்தில்கூட இல்லை.

"நான் வர்றேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத. கேக்குதா? நான் அன்னிக்குச் சும்மா கோவத்துல..."

"கொஞ்சம் இருங்க. யாரோ கூப்பிடுறாங்க. நிறைய பேரு."

வைத்துவிட்டான்.

பேருந்து ஊர்ந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நூற்றுத் தொண்ணூறு. முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழுப்பு வெளிச்சம் அவர் தாடையில் விழுந்திருந்தது. இருநூற்றுப் பத்து. பக்கத்து இருக்கையிலும் அதே நிறம். அதற்கப்பாலும். யாரும் பேசவில்லை. வண்டி முழுக்கத் தைல வாடை. இருநூற்று முப்பது. சிவப்பு விளக்கு. இருநூற்று முப்பத்து நான்கு. நகரேன். நகரேன்.

இருநூற்று முப்பத்தாறு. பணி நிறைவுற்றது. நன்றி.

அவள் இறங்கி ஓடினாள். ஓடி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மாலை ஆறரை, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பேசி.

"என் தம்பியைப் பார்த்தீங்களா? மேல யாராவது வந்தாங்களா?"

கீழ்வீட்டுக்காரி நிமிரவில்லை. "ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். "கீழ வைக்கவே மனசு வரலை."

மூன்றாவது மாடி. சாவி துவாரத்துக்குள் நுழைய மறுத்தது. நுழைந்தது. கதவு.

முன்னறை. ஜன்னலோர நாற்காலி.

காலி.

பஞ்சணையில் அவன் உட்கார்ந்திருந்த பள்ளம் இன்னும் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல எழும்பிச் சமமாயிற்று. கையை வைத்தாள். சூடு இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

படுக்கையறை. இல்லை. குளியலறை. இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். தூசி. அலமாரியில் அவன் சட்டைகள் இருந்த தட்டில் ஒன்றுமில்லை. சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தில் அவளுக்குப் பக்கத்தில் வெறும் சுவர். "டேய்," என்றாள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். பெயர் வரவில்லை. எங்கே போனது? தேடினாள். பெயர் இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

"டேய்."

பதில் வந்தது. ஜன்னலுக்கு வெளியேயிருந்து. மெதுவான, நிதானமான குரல். பல குரல்கள், ஒரே குரல்.

அவள் ஜன்னலருகே போனாள்.

எதிர்க் கட்டடத்தில் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு. எல்லா ஜன்னல்களிலும் ஒரு நாற்காலி. எல்லா நாற்காலிகளிலும் அவன். அதே கோணல் முதுகு, அதே நீலச் சட்டை. ஒவ்வொருவனுக்கும் எதிரே அந்தந்த வீட்டு ஆட்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய வாய்கள் எல்லாம் ஒன்றாக அசைந்தன.

நேர் எதிர் வீட்டில் ஒரு பெண். களைத்த முகம், வேலைவிட்டு வந்தவள். சுட்டுவிரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டாள். குனிந்தாள். அவன் கன்னத்தின் ஓரத்தில் விரலை வைத்து, விளிம்பைக் கிள்ளியெடுத்து, முகத்தைப் புரட்டினாள்.

அடியில் இன்னொரு முகம். இளையது. அதையும் புரட்டினாள்.

அடியில் இன்னொன்று.

இந்தப் பக்கம் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். புரண்டுகொண்டே வந்தது. மீசை போயிற்று. தாடை மெலிந்தது. பள்ளிக்கூடத்துப் பையனின் முகம் ஒன்று விளக்கொளியில் மேலே வந்தது, கண்ணை உருட்டியது, தெருவைத் தாண்டி இந்த ஜன்னலைப் பார்த்தது. அவளைத் தெரிந்துகொண்டது. அக்கா என்று வாய் திறந்தது.

எதிர்வீட்டுப் பெண் விரலை மறுபடி நாக்கில் தொட்டாள்.