கறுப்புப் படத்துக்கு விடை

வியாழனின் நிலவில் குடியேற மூன்று பரிசோதனைகள் உண்டு: ரத்தம், பல், ஓவியம். முதல் இரண்டில் யாரும் தோற்பதில்லை.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்த்துவிடும். அங்கே ஜன்னலுக்கு வெளியே பனியும் இருட்டும் தவிர ஒன்றுமே கிடையாது. வெறுமையைப் பார்த்துத் தனக்கென்று ஓர் அர்த்தம் உண்டாக்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆகவே, உருவம் ஏதுமில்லாத ஓவியத்தின் முன் ஆளை நிறுத்தி, "இது உங்களுக்கு என்ன?" என்று எந்திரத் தேர்வாளர் கேட்பார். பதில் சொந்தமா இரவலா என்பதை நெற்றியில் ஒட்டிய இரவலுணரி காட்டிக்கொடுத்துவிடும்.

தையல்நாயகி இரண்டு முறை தோற்றிருந்தாள். கணவன் செங்கோடன் அங்கே சுரங்க வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த முறையும் தோற்றால் இனி வாய்ப்பே கிடையாது. கோவையில் நல்லசிவம் மாஸ்டரின் பயிற்சி மையத்தில் சேர்ந்து, இருத்தலியல் நோட்ஸை ராப்பகலாக உருப்போட்டிருந்தாள், பாவம்.

படம் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கீறல்.

"அர்த்தமற்ற உலகில் எறியப்பட்ட மனிதன், தன் தேர்வுகளின் வழியே..." என்று ஆரம்பித்தாள். உணரி சிவந்தது.

"இதையே போன வாரம் பதினேழு பேர் சொன்னார்கள், அம்மா. இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது," என்றார் தேர்வாளர் கனிவாக.

நோட்ஸ் மொத்தமும் மறந்துபோயிற்று.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க. வேலை முடிஞ்சு வீட்டுக் கதவைத் தொறந்தா இப்படித்தான் இருட்டா இருக்கும். வெளக்கைப் போட்டுட்டு ரெண்டு பேருக்குச் சோறு வடிப்பனுங்க. அவரு வரமாட்டாருன்னு தெரியும். ஆனாலும் ஒருத்திக்குன்னு வடிக்க மனசு வர்லீங்க." கண் கலங்கிவிட்டது.

உணரி பச்சையானது.

மறுநாள் மாஸ்டர் அவளை வகுப்புக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். எதிரே நாற்பது பேர். எல்லோருக்கும் அந்த நிலவில் யாரோ ஒருவர் காத்திருந்தார். தையல்நாயகி ஒன்றையும் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள். வரிக்கு வரி எழுதிக்கொண்டார்கள்.

"ஆனா நீங்க உங்க மனசுல படறதைச் சொல்லுங்க," என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசையில் நரைத்த தலையோடு ஒருவர் எழுந்தார். மனைவி அங்கே செவிலி; இவருக்கும் இது கடைசி முறை.

"ஏனுங்க அம்மணி, கண்ணு கலங்கறது சோறு வடிக்கறதுக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று.

"பின்னாடிங்கண்ணா," என்றாள்.

அவர் அடிக்கோடிட்டுக்கொண்டார்.