மீதி முப்பது நிமிடம்

“கடலுக்கு அடியில போனவங்க ஏம்மா சீக்கிரம் வரமாட்டேங்கிறாங்க?”

அப்பா வேலை பார்த்த சரக்குக் கப்பல் மூழ்கிய வாரம், ஆறு வயது யூனிஸ் கேட்ட கேள்வி. அம்மா தபீதாள் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

பதினேழு வருடம் கழித்து, 1994 ஐப்பசி மழையில், தாம்பரம் ரயிலில் அந்தக் கேள்விக்குப் பதில் யூனிஸின் காலிலேயே வந்து விழுந்தது... இரும்பு சிலிண்டராக!

“கண்ணு தெரியல? கேஸ் சிலிண்டரையெல்லாம் ரயில்ல ஏத்திக்கிட்டு...”

“இது சமைக்க இல்லீங்க, கடலுக்குள்ள மூச்சு விட. ஸாரி... ரொம்ப வலிக்குதா?”

“உங்க மூச்சை நீங்களே பிடிச்சுக்குங்க!”

மழை சொட்டும் இமைகளுக்குள் அந்த இளைஞனின் கண்கள் சிரித்தன... அவள்தான் முதலில் தலை குனிந்தாள்.

அவன் பெயர் சுந்தர்சிங்; வங்கி குமாஸ்தா. லீவு கிடைத்தால் கோவளத்தில் படகேறி, ஐம்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பழைய கப்பலுக்குள் இறங்குவான்.

“அவசரப்பட்டு மேல வந்தா ரத்தத்துல குமிழ் கட்டி, கை கால் விழுந்துடும் யூனிஸ். கயித்தைப் பிடிச்சு, நின்னு நின்னு, நாப்பது நிமிஷம் வரணும்.”

சீக்கிரம் வராததற்கு இப்படியும் ஒரு காரணமா! அன்று மனதை முழுசாகவே கொடுத்துவிட்டாள்.

“கடலுக்கு ஒரு ஆளைக் குடுத்தது போதாதா?” என்று அழுத தபீதாள், கடைசியில் ஞாயிறு மாலை அவனைப் பார்க்கச் சம்மதித்தாள். அன்று காலையும் கடலுக்குப் போவேன் என்றான் அவன். யூனிஸுக்குச் சுருக்கென்றது.

“நாலு மணிக்கு தாம்பரம் பிளாட்பாரத்துல நிப்பேன். ஒரு நிமிஷம் லேட்டானாலும் கடலையே கட்டிக்குங்க!”

மூன்று ஐம்பத்தெட்டுக்கு வந்தான். “ரெண்டு நிமிஷம் மிச்சம்...” என்று சிரித்தான். வலது கால் மடங்கி, அப்படியே சரிந்தான்.

அந்தக் காலுக்கு உணர்வு திரும்பவேயில்லை.  காரணத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் படகுக்காரர் குப்பன்தான் சொன்னார்.

“போறப்பவே இஞ்சின் மக்கர் பண்ணி லேட்டாயிடுச்சும்மா. நாப்பது நிமிசத்துக்கு, கயித்துல பத்தே நிமிசம் நின்னுட்டு ஏறிட்டாரு. மணியையே பாத்துகினு இருந்தாரு.”

உள்ளே போனாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பரிதாபப்பட்டு வராதே யூனிஸ்.”

“பரிதாபமா... ரயில்லயே உங்ககிட்ட மனசு போயிடுச்சுங்க. வாய்தான் திமிராப் பேசுச்சு.”

மணமாகி மூன்று வருடம். கோயில் முடிந்து, சாப்பிட்டு, ஞாயிறு மதியம் அவன் அயர்ந்து தூங்குவான். யூனிஸ் கடிகாரத்தைப் பார்ப்பாள். அந்த வலது காலை மடியில் எடுத்து வைத்து, எண்ணெய் தொட்டு, சரியாக முப்பது நிமிடம் நீவுவாள். அவன் விழிக்க மாட்டான். காலுக்கும் தெரியாது.

போர்வையை இழுத்து மூடிவிட்டு, கையைக் கழுவப் போவாள்.