அக்காளின் வெற்றிலைச் செல்லம்

அக்காளின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தை வாங்காமல் திரும்புவதில்லை என்று வயிறெரிய வந்திருந்தாள் தங்கை. அக்காள் செத்துப் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. உச்சி வெயில். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் ஈரச் சுண்ணாம்பின் நெடி தொண்டையைப் பிடித்தது.

அத்தான் நாற்காலியில் ஒடுங்கியிருந்தார். பக்கத்து முக்காலியில் செல்லம். மூடி முழுக்கக் கொடி வேலைப்பாடு, கைப்பிடியில் இரண்டு கிளிகள். கல்யாணத்துக்கு அப்பா பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னது. இப்போது ஒரு மூலை உள்வாங்கி நசுங்கியிருந்தது.

இது எப்போது நசுங்கியது என்று கேட்டாள்.

"அவ குளிக்கப் போறப்ப வழுக்கி விழுந்தாள்ல, அப்ப கையில வச்சிருந்தா." வாய்க்குள் எதையோ அடக்கியவர் போலப் பேசினார். உதடுகள் வெந்து உரிந்திருந்தன.

"குளிக்கப் போறவ வெத்தலைச் செல்லத்தோடவா போவா, அத்தான்?"

அத்தான் செல்லத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார்.

அக்காள் மடித்துத் தந்தால்தான் அவர் வெற்றிலை போடுவார். தானாக ஒரு காம்பு கிள்ளியதில்லை. சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் கையில் கிடைத்தது பறக்கும் என்று அக்காள் போனில் சிரித்துக்கொண்டே சொல்வாள். தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் நெருப்பாகக் கிடந்தது.

"எடுத்துட்டுப் போயிடும்மா," என்றார் கிசுகிசுப்பாக. "அவ காதுல விழாம."

மூடி திறந்தது.

யாரும் தொடவில்லை.

உள்ளே ஒரே ஒரு வெற்றிலை மடிப்பு. நரம்பு உரித்து, முக்கோணமாக மடித்து, கிராம்பு குத்தியிருந்தது. அக்காள் கைவேலை. ஓரமெல்லாம் சுண்ணாம்பு பிதுங்கி வழிந்தது.

அத்தானின் வலது கை அதை நோக்கி எழுந்தது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார். முடியவில்லை.

"அவளை எதால அடிச்சீங்க?"

அவர் கண் நசுங்கிய மூலைக்குப் போயிற்று.

"அன்னைக்கு சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்துடுச்சும்மா... அந்தக் கோவத்துல..."

தங்கை செல்லத்தைத் தூக்கினாள். அத்தானுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவள் அதை அவர் மடியிலேயே இறக்கி வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும் அத்தான். அவ இல்லாட்டி உங்களுக்கு யாரு மடிச்சுத் தருவா?"

திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள். பின்னால் அழுகையோடு மெல்லும் சத்தம். அதற்கும் மேலே பாக்குவெட்டி, நறுக், நறுக்கென்று, எந்த அவசரமும் இல்லாமல், அடுத்த மடிப்புக்குச் சீவிக்கொண்டிருந்தது.