பதினேழாம் பீடர்

பிரேக்கரைத் திறந்து கரண்டை வெட்டி முக்கால் மணித்தியாலம் ஆகியும் பதினேழாம் பீடரில் மூன்று ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கோசிகா கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். மூன்றுதான். அந்தப் பீடர் கேபிள் கரண்ட் கொண்டுபோகும் ஹரோ பகுதித் தெருக்கள் திரையில் சாம்பல் நிறமாகக் கிடந்தன. சாம்பல் என்றால் அங்கே வெளிச்சமில்லை, ஹீட்டர் இல்லை, ஒன்றுமில்லை. அவள் வெட்டிய மற்ற ஏழு பீடர்களுக்கு நேரே பூச்சியம் நின்றது. இதற்கு மட்டும் மூன்று. பிறகு நான்கு. பிறகு மூன்று.

"ரதீசன், இதை ஒருக்காப் பாருமன்."

பக்கத்து மேசை ரதீசன் கதிரையோடு உருண்டு வந்தான். ஜெர்மனியில் படித்து லண்டனுக்கு வந்தவன், மூன்று வருடமாக மின்விநியோகக் கம்பனியின் இதே கட்டுப்பாட்டு அறையில் அவளோடு ஷிப்ட் பார்ப்பவன்.

"சென்சர் விறைச்சுப்போச்சு. வெளியில மைனஸ் பதினொண்டு. என்ர மூளையே விறைச்சுத்தான் கிடக்கு."

"அது கோடையிலயும் அப்பிடித்தான்."

"வாய் மட்டும் விறைக்கேல்லை உமக்கு," என்றுவிட்டு அவன் திரும்பி உருண்டு போனான்.

மாலை ஐந்தேகால். ஆறு நாளாக நாட்டின் மேல் குளிர் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. காற்று அசையவில்லை, கடலில் நட்ட காற்றாலைகள் சும்மா நின்றன. வடக்கே உயரக் கம்பிகளில் மணிக்கட்டுத் தடிப்பில் பனிக்கட்டி ஏறி, பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்து விழுந்தன. எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் ஒன்றில் சுண்டுவிரல் அளவுக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்தது. அழுத்தம் அளக்கும் கருவி பிழையான கணக்குச் சொன்னது. அதை நம்பி முழு நிலையமும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. கடலுக்கு அடியால் வரும் கேபிளில் ஐரோப்பாவிடம் கரண்ட் வாங்கலாமென்றால் அந்தக் கரையிலும் இதே குளிர். இப்படி நடக்கும் என்று ஒருவர் அறிக்கை எழுதித்தான் இருந்தார், குழாய்களுக்கு உறை போடுங்கள் என்று கெஞ்சித்தான் இருந்தார். அறிக்கைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவென்றே மேலே ஆட்கள் சம்பளம் வாங்கினார்கள். நாலரைக்கு, சனம் வேலையால் வந்து ஹீட்டரைப் போடும் நேரம், கட்டளை வந்தது. இருபதில் ஒரு பங்கை வெட்டு.

மேலே இருந்தவர்கள் யாரும் வெட்டவில்லை. வெட்டியது கோசிகாவின் விரல்.

அவளுடைய கைத்தொலைபேசி அதிர்ந்தது. முருகேசன் அங்கிள். அப்பா அம்மா வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளியிருப்பவர். பதினேழாம் பீடர் போகும் தெரு.

"பிள்ளை, கரண்ட் நிண்டிட்டுது."

"ஓம் அங்கிள். மூண்டு மணித்தியாலத்தில வந்திடும்."

"வத்சலான்ர மெசின் பற்றரியில ஓடுது. ரெண்டு மணித்தியாலம் நிக்குமெண்டு சொன்னவை. இப்பவே சிவப்பு லைட் மின்னுது. குளிருக்காக்கும்." அவருடைய குரலுக்குப் பின்னால் அந்த மெசின் உஸ்ஸென்று இழுத்து, ஒரு கணம் நின்று, உஸ்ஸென்று விட்டது. "வான் எத்தினை மணிக்கு வரும்?"

"எந்த வான்?"

"பற்றரி வான். கரண்ட் நிண்டால் வருமெண்டு நீதானே சொன்னனி. நீதானே பதிஞ்சு விட்டனி."

கோசிகா கதிரையைத் திருப்பி ரதீசனுக்கு முதுகைக் காட்டினாள்.

அவருடைய மனைவி வத்சலா அன்ரியின் உடம்பில் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. முதலில் கால், பிறகு கை, போன வருடம் பேச்சு. இப்போது மூச்சு. முகமூடியால் காற்றைத் தள்ளும் மெசின் இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் தாங்கமாட்டார். அப்படியான வீடுகளுக்கென்று கம்பனியில் ஒரு பட்டியல் உண்டு. பதிந்திருந்தால் வெட்டுவதற்கு முன் அழைப்பு வரும், வான் வரும், பற்றரி வரும். படிவத்தை முருகேசன் செப்டெம்பரில் அவளிடம் கொடுத்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற ஒரு குற்றத்துக்காக அந்தத் தெருவின் பாஸ்போட், பெனிபிட், கவுன்சில் படிவம் எல்லாம் அவள் தலையில்தான். அன்றைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். எரிச்சல். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டாள். நவம்பரில் கோயில் வாசலில் கண்டு கேட்டார். அப்பவே அனுப்பிட்டன் அங்கிள் என்று முகம் பார்த்துச் சொன்னாள்.

"வழியில நிக்கிறாங்கள் அங்கிள்," என்று இப்போதும் சொன்னாள்.

"கேட்டனியே வத்சலா, வாறாங்களாம்," என்று அவர் அந்தப் பக்கம் சொல்வது கேட்டது.

அவள் வான் பிரிவை அழைத்தாள். பட்டியலில் அந்தப் பெயரில்லை. பட்டியலில் உள்ள வீடுகளுக்கே வான் போதவில்லை. அம்புலன்ஸ் வர மூன்று மணித்தியாலம் செல்லும் என்றார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. பதினேழின் பிரேக்கரை மூடிக் கரண்டை விட்டாள்.

இருட்டு வீடுகளில் யாரும் சுவிட்சை நிற்பாட்டுவதில்லை. ஹீட்டர், கேத்தில், அடுப்பு எல்லாம் போட்டபடியே குளிருக்குள் பசியோடு காத்துக் கிடக்கும், கரண்ட் வந்த நொடியில் எல்லாம் சேர்ந்து வாயைத் திறக்கும். இலக்கம் நானூறு, எழுநூறு, ஆயிரம் என்று ஓடியது. ஆறாவது நொடியில் பிரேக்கர் தானாகத் திறந்து விழுந்தது. அவள் திரும்ப மூடினாள். ஐந்து நொடி. விழுந்தது.

ரதீசன் அவளுடைய கையைப் பிடித்தான். "விசரே உமக்கு? மூண்டாந்தரம் போட்டால் கேபிள் எரியும். பிறகு நாளைக்கும் வராது."

"அங்க ஒராள் மூச்சு மெசினில கிடக்கு."

அவன் கையை விட்டான். இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிரேக்கர் திறந்து கிடந்தது. மூன்று. நான்கு. ஐந்து. நான்கு. மூன்று. ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. கோசிகா சுவர் மணிக்கூட்டை வைத்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினான்கு தரம். அடுத்த நிமிடம் பன்னிரண்டு. சென்சர் விறைத்தால் ஓரிடத்தில் நிற்கும். இப்படி மூச்சுப் போல இழுத்து இழுத்து விடாது.

"போம்," என்றான் ரதீசன். அவன் முகத்தில் பகிடி இல்லை. "உம்மட மேசையை நான் பாக்கிறன்."

காரில் போகப் போக லண்டன் துண்டு துண்டாக அணைந்திருந்தது. வெளிச்சமான ஒரு தெரு, பிறகு கிணற்றுக்குள் போனது போல நாலு தெரு. சிக்னல் விளக்குகள் செத்து நின்றன. உப்பும் பனியும் அரைபட்ட சேறு சக்கரத்துக்கடியில் நறநறத்தது. புகைபோக்கி உள்ள வீடுகளில் எதையோ பிடுங்கி எரிக்கும் பெயின்ற் மணம் மூடிய கண்ணாடிக்குள்ளும் வந்தது. முதலில் முருகேசனை அழைத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. பிறகு ரதீசன் ஸ்பீக்கரில் இலக்கம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"நிமிசத்துக்கு எட்டு."

பாலத்தைத் தாண்டினாள்.

"ஆறு." கொஞ்ச நேரம் கழித்து, "நாலு, கோசி."

தெருவுக்குள் திரும்பினாள்.

"நிண்டிட்டுது."

அவள் காரை நிறுத்தினாள். நான் அனுப்பியிருந்தால். ஒரு படிவம். பத்து நிமிட வேலை.

"பொறும்," என்றான் ரதீசன். குரல் மாறியிருந்தது. "திரும்ப ஏறுது. பத்து ஆம்ப். இருபது. கோசி, பிரேக்கர் திறந்துதான் கிடக்கு. இது எங்கயிருந்து..."

தொடர்பு அறுந்தது. தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் தீர்ந்திருக்க வேண்டும்.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. முருகேசன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே வெளியைவிடக் குளிர்ந்தது. வேப்பெண்ணெயும் அணைந்த மெழுகுதிரியும் ஈரக் கம்பளியும் கலந்த மணம். அதற்கடியில், இருட்டுக்குள், உஸ். நிறுத்தம். உஸ்.

ஓடுகிறது. மெசின் ஓடுகிறது. அவளுக்கு அழுகை வந்தது.

"அங்கிள்?"

"வா பிள்ளை. சப்பாத்தோடையே வா."

முன்னறையில் கட்டில். அவள் தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். கட்டிலோரக் கதிரையில் முருகேசன் குளிர் ஜாக்கெட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வைக்குக் கீழே வத்சலா அன்ரியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. முகமூடிக்குள் வெள்ளையாக ஆவி படிந்தது.

"அங்கிள், நான் அந்தப் படிவத்தை அனுப்பேல்லை. உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும்," என்றார் அவர் அமைதியாக. "மெசின் நிண்டவுடன வத்சலா சொன்னவ."

வத்சலா அன்ரி பேசி ஒரு வருடம்.

கோசிகா மெசினில் கை வைத்தாள். கல்லாய்க் குளிர்ந்திருந்தது. அதிர்வில்லை. சிவப்பு விளக்கும் இல்லை. முகமூடிக்குப் போகும் குழாய் கழன்று நிலத்தில் கிடந்தது.

உஸ்.

"மெசின் ஓடேல்லையே அங்கிள்."

"இல்லைத்தானே. ஆரும் குடுத்தால்தானே அவ எடுக்கலாம். என்னட்டை இருந்ததைக் குடுத்திட்டன்." ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. "காணாதாம். இன்னும் வேணுமாம்."

வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கண் சிமிட்டவில்லை. உதடு நீலம். அந்தக் குளிரில் அவர் பேசினார், ஆனால் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

கோசிகாவின் வாயிலிருந்து வந்தது. அடர்த்தியாக.

அவள் பின்வாங்கினாள். கதவு எந்தப் பக்கம். சுவர். அலுமாரி. சுவர்.

"கோசிகா வந்திட்டாள், வத்சலா," என்றார் முருகேசன். "இனிப் பயமில்லை."

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. மேலே போகவில்லை. நூலாக நீண்டு, வெள்ளையாக, வெளிச்சத்தைக் குறுக்கே கடந்து, கட்டிலுக்குப் போனது.

உள்ளே இழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

திரும்ப இழுத்தாள்.

போர்வைக்குக் கீழே அந்த நெஞ்சு ஏறியது. இன்னும் ஏறியது. எலும்பு நறுக்கென்றது. ஏறியது. இறங்கவில்லை.