நான்கு விநாடித் துண்டு

அன்று காலையும் வீட்டுச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மறதி எனக்குப் புதிதல்ல. சாயங்காலம் வந்து கதவைத் தட்டி, "கதவைத் திற, நான்தான்" என்று நான் கத்துவதும், என் மனைவி திட்டிக்கொண்டே வந்து திறப்பதும் எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. அந்த மாதம் அவள் காலில் மாவுக்கட்டு. கட்டிலிலிருந்து கதவுக்கு வர அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்கும் சேர்த்துத் திட்டுவாள்.

எனக்கு வேலை பேக்கப் எடுப்பது. மற்றவர்கள் சேர்த்து வைத்த குப்பையை இன்னோர் இடத்தில் சேர்த்து வைக்கிற வேலை என்று அவள் சொல்வாள். அது பெரும்பாலும் உண்மை. அன்று எனக்குக் கிடைத்த குப்பை, அவசர உதவி எண்ணுக்கு வந்த பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவுகள். கட்டடத்தின் மேல்மாடியில் ஆபரேட்டர்கள் இரவும் பகலும் அழைப்புகளை எடுக்கிறார்கள். பேசியதெல்லாம் தரைக்கு அடியிலுள்ள சர்வர் அறையில், ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்றில் போய்ச் சேருகிறது. பெட்டிக்கு வயதாகிவிட்டது. அதில் உள்ளதையெல்லாம் புதிய பெட்டிக்கு நகலெடுத்துத் தர வேண்டும்.

என்னோடு வந்தவன் மச்சான், என் மனைவியின் அண்ணன். ஒரே கம்பெனியில் இருவருக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் நண்பர்கள். இரண்டு மாடி ஆழம் படியிறங்கினோம். காற்றில் ஈரச் சுவரின் வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் கலந்திருந்தன. உள்ளே எலும்பு வரை குளிர். விசிறிகளின் இரைச்சல் ஒரே சீராக இருந்தது. செல்போனில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. மேசையில் ஒரு பழைய தொலைபேசி மட்டும் இருந்தது.

"பகல்லயே இப்படி இருக்கு. எவன்டா இங்க உக்காந்து வேலை பார்த்தான்?" என்றான் மச்சான்.

அந்தப் பெட்டி மகா கஞ்சன். ஒரே மாதிரியான துண்டு இரண்டு முறை வந்தால் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். மற்ற இடங்களில், அந்தத் துண்டு இங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிவிடும். ஒரு பதிவை அழித்தால் அதன் சீட்டுதான் கிழியும். கடைசிச் சீட்டும் கிழிந்த பிறகே துண்டு போகும். ஒரே ஒரு பதிவு பிடித்திருந்தாலும் போகாது.

கடிதங்களில், கணக்குகளில் இது நன்றாக வேலை செய்யும். மனிதக் குரலில் செய்யாது. இரண்டு பேர் பேசியது, ஏன், ஒரே ஆள் இரண்டு முறை பேசியதுகூட, ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்காது. அதனால்தான், எந்தத் துண்டு எத்தனை பதிவில் இருக்கிறது என்று பெட்டி காட்டிய அறிக்கையைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

நான்கு விநாடி நீளமுள்ள ஒரு துண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளில் இருந்தது.

வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வருடங்கள், வெவ்வேறு ஊர்கள். எல்லாம் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தியவை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பட்டியலில் 'முடிவு' என்ற கட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறையும் ஒரே வரி எழுதியிருந்தது. வண்டி சென்றபோது உயிர் இல்லை.

மச்சான் ஒரு பதிவைத் திறந்து, துண்டு வருகிற இடத்தை மட்டும் ஓட்டினான். ஒரு வயதான அம்மாள் கிசுகிசுத்தாள். "வெளிய யாரோ நிக்கிறாங்கய்யா. எம்மவன் குரல்ல கூப்பிடுறாங்க." ஆபரேட்டர், "திறக்காதீங்கம்மா, வண்டி வருது" என்றார். பிறகு அந்த நான்கு விநாடி. மூச்சு வாங்குகிற சத்தம், அதன் மேலேயே ஒரு குரல்.

"கதவைத் திற. நான்தான்."

"மச்சான், இது உன் தங்கச்சி குரல் மாதிரியே இருக்கு."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "என்ன மாப்ள உளறுற? சின்னக் குழந்தை குரல். எம்பொண்ணு பேசுற மாதிரி இருக்கு."

மறுபடி ஓட்டினோம். எனக்கு அவள் குரல். அவனுக்கு அவன் மகள்.

அப்போதே எழுந்து படியேறியிருக்க வேண்டும். மச்சான் சட்டென்று வேலைக்காரனாகிவிட்டான். பயந்தால் அவன் அப்படித்தான். "பெட்டி கெட்டுப்போச்சு. ஒரு சொத்தைத் துண்டு எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டிருக்கு. இதைப் புதுசுக்குக் கொண்டு போனா அதுவும் சொத்தையாகும். பத்து வருஷம் தாண்டினதை அழிக்கலாம்னு விதி இருக்குல்ல?"

"ரெண்டாவது நகல் இருக்கா?"

"இருக்குன்னு எழுதியிருக்கான்."

சரி என்றேன். அந்தச் சரியை நான்தான் சொன்னேன். யார் கேட்டாலும் இதை மறைப்பதில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டையும் அழித்தான். எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. நூறு, நாற்பது, ஏழு.

ஒன்றில் நின்றது.

பட்டியலில் இல்லாத இன்னும் ஒரு பதிவு அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதிவு நேரம் அன்றைய தேதி, மாலை நான்கு நாற்பது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது. அழைத்த எண்ணைப் படித்த மச்சானின் வாய் அப்படியே திறந்து நின்றது. அது என் மனைவியின் செல்போன் எண்.

அழிக்கப் பார்த்தான். 'பதிவாகிக்கொண்டிருக்கிறது, அழிக்க இயலாது' என்றது பெட்டி. ஓட்டினால் நான்கு விநாடி மட்டும் ஓடியது. இம்முறை இருவர் காதிலும் ஒரே குரல்.

என் குரல்.

பழைய அழைப்புகளை முழுதாகக் கேட்டால் ஏதாவது பிடிபடும் என்று இரண்டாவது நகலைத் தேடினேன். அதுவும் அதே பெட்டியின் அடுத்த தட்டில்தான் இருந்தது. முதல் தட்டில் அழிவது இரண்டாவதிலும் தானாக அழியும்படி எவனோ வசதி செய்து வைத்திருந்தான். ஒரே சட்டையை இரண்டு கொடியில் காயப்போட்டதாகச் சொல்கிற கதை. கெட்ட வார்த்தையில் திட்டினேன். முப்பது விநாடிக்கு மேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை. மிச்சத்தை எங்கள் கையாலேயே அழித்திருந்தோம்.

மேசைத் தொலைபேசியைப் பிடுங்கி அவளுக்குப் போட்டேன்.

"என்னங்க, சாவியா? ஆணியில தொங்குது, பார்த்தேன்" என்றாள்.

"சொல்றதைக் கேளு. இன்னிக்கு யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்காத."

"நீங்களே வந்து கூப்பிட்டாலுமா?"

"நானே கூப்பிட்டாலும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள். "அப்ப நீங்க எப்படித்தான் உள்ள வருவீங்க?"

யோசித்தேன். கல்யாணமான மூன்றாம் நாள் எங்கள் முதல் சண்டை ஒரு நீல வாளிக்காக நடந்தது. அது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. "நீல வாளின்னு சொல்றேன். அதைச் சொன்னா மட்டும் திற."

"பயமா இருக்குங்க."

"இதோ கிளம்பிட்டேன்."

அந்தக் கட்டடத்தின் எல்லாத் தொலைபேசியும், மேசைத் தொலைபேசி உட்பட, அந்தப் பெட்டியில்தான் பதிவாகிறது. காலையில் அந்த இணைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

நாற்பது நிமிடத்தில் போகிற வழி. பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று, ஒரு மணி நேரம் வண்டிகள் நகரவில்லை. அவள் செல்போனுக்கு அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. எங்கள் தெருமுனையில் மச்சானை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

எங்கள் மாடிப்படி அந்த வெயில் நேரத்திலும் சில்லென்றிருந்தது. ஈரச் சுவரின் வாடை, சூடான பிளாஸ்டிக் வாடை. கதவு சாத்தியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. திறக்கவில்லை, சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

தட்டினேன். பதில் இல்லை.

மூச்சு வாங்கியது. அதோடேயே கத்தினேன். "கதவைத் திற. நான்தான்."

கத்திய பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அந்த நான்கு விநாடி. அதே மூச்சு, அதே இழுப்பு.

உள்ளே கட்டில் பக்கமிருந்து அவள் அவசர உதவி எண்ணுக்குப் போனில் பேசுவது கேட்டது. "கேட்டுச்சா மேடம்? வெளிய யாரோ நிக்கிறாங்க. என் புருஷன் குரல்ல கூப்பிடுறாங்க."

"நீல வாளி!" என்று அலறினேன். "நீல வாளி, நான்தான், திற!"

அவள் அழத் தொடங்கினாள். "அதையும் சொல்லுது மேடம்... இல்ல, நான் தனியா இல்ல. அவரு வந்து அரை மணி நேரமாச்சு. நீல வாளின்னு சொல்லித்தான் உள்ள வந்தாரு. என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

கதவில் காதை வைத்தேன்.

உள்ளே என் குரல் மெதுவாகச் சொன்னது. "போனை வை."

என் செல்போனில் மணி நான்கு நாற்பத்தொன்று.

மச்சானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். அவள் கட்டிலில் இருந்தாள், மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி, போன் கையில் இருக்க. உயிர் இல்லை. வேறு யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு டீ டம்ளர்கள். ஒன்று காலி. இன்னொன்று நிரம்பி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

மாரடைப்பு என்று எழுதினார்கள். ஒரு மாதம் ஓடிவிட்டது.

மச்சான் இப்போது என்னோடு பேசுவதில்லை. தங்கையைக் கொன்றவன் என்று அவன் சொல்லவில்லை, பார்வையில் இருக்கிறது. கடைசியாகச் சந்தித்தபோது ஒன்றே ஒன்று கேட்டான். "அந்தப் பதிவை அழிச்சிடு மாப்ள. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். எம்பொண்ணு இருக்கா."

இப்போது அதை அழிக்க முடியும். பெட்டி மறுப்பதில்லை. என்னால்தான் முடியவில்லை. அதில் அவள் இருக்கிறாள். நாற்பது விநாடி. என்னைக் கண்டு பயந்து அழுகிற நாற்பது விநாடிதான், ஆனாலும் அவள் குரல் என்று எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். தினமும் படியிறங்கிப் போய்க் கேட்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதைப் பிடித்துத் தூங்க வைத்திருந்தார்கள், நாங்கள் போய் அவிழ்த்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். இப்போது பிடித்திருப்பவன் நான் ஒருவன்.

இன்று மதியம் போனபோது எண்ணிக்கை இரண்டு.

புதிய பதிவில் நாளைத் தேதி. மச்சான் வீட்டு எண்.

மேசைத் தொலைபேசிக்குக் கை போனது. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டேன். இரண்டு மாடிப் படியையும் ஓடியேறி, தெருவைத் தாண்டி, வெயிலில் நின்று என் செல்போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். எடுத்துவிட்டான்.

"மச்சான், வச்சிடாத. நாளைக்கு யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்காத..."

அவன் குரலில் ஒரு மாதமாக இல்லாத கனிவு இருந்தது.

"அதான் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டியே மாப்ள. எம்பொண்ணுகிட்ட சொல்ல வேண்டிய அடையாள வார்த்தையைக்கூட."